எழுபது சென்டிமீட்டர்

த்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயிலைத் தாண்டிப் பிரியும் ஒரு சந்தில், அந்தப் பழைய வீட்டின் முன்னால், காலை ஒன்பதரை மணிக்கு நல்லசிவம் வாடகை பைக்கிலிருந்து இறங்கினான். இறங்கியதும் வீட்டை அண்ணாந்து பார்த்து மூக்கைச் சுளித்தான். மூக்கைச் சுளிப்பது அவனுக்கு மூச்சு விடுவதைப் போல. வியட்நாமின் சைகோனுக்கு வந்த எட்டு மாதத்தில் அவன் சுளிக்காமல் பார்த்த பொருள் ஒன்று உண்டென்றால் அது அவன் அறையின் முகக் கண்ணாடிதான்.

சென்னையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, இங்கே ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் மாடல் பிரிவுக்குத் தலைவனாக வந்திருந்தான். ஒரு கட்டடத்தைச் செங்கல் செங்கலாகக் கணினிக்குள் கட்டி நிறுத்தி, அதிலிருந்து வரைபடங்களை உருவிக் கொடுக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் சட்டைப் பையிலிருந்து லேசர் அளவுகோலை எடுத்து, எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளியை விழவைத்து நீளம் பார்ப்பது அவன் வழக்கம். அவன் குடியிருக்கும் அடுக்குமாடிப் படுக்கையறை மூன்று மீட்டர் எண்பது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அளந்தால் மூன்று அறுபது. அதற்காக அவருக்கு மூன்று கடிதம் எழுதினான்.

மனைவி வேதநாயகி ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அனுப்பியிருந்தாள். அயலூர், எது எப்படி இருக்குமோ என்று அவளுக்குப் பயம். டான் சோன் நாட் விமான நிலையத்தில் இறங்கியதும் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, போட்டதைப் படம் பிடித்து அவளுக்கே அனுப்பிய மகானுபாவன் இவன்.

வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து காரைக்கால் குமாஸ்தாக்களின் குடும்பங்கள் வாடகைக்கு இருந்த இடம். எழுபத்தைந்தில் சைகோன் வடக்குப் படையிடம் விழுந்த பிறகு புது அரசாங்கத்தின் கைக்குப் போய்க் கூட்டுறவுக் கடையின் கிடங்காகக் கிடந்தது. இப்போது ஒரு கம்பெனி அதை ஓட்டலாக மாற்றப் போகிறது. கனத்த பழைய சுவர்களை இடிக்கக் கூடாது, துளை போட்டுச் சிமென்ட் பாலைப் பம்பு செய்து கெட்டிப்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதி. ஒரே ஒரு நிபந்தனை. சுவருக்குள் வெற்றிடம் இருப்பதாக வரைபடம் காட்டினால், பம்பு செய்வதற்கு முன் அதைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

நல்லசிவம் இந்த வீட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, ஏதோ ஒரு பழைய படத்தை வைத்து முதல் வரைபடத்தை வெளியிட்டுவிட்டான். மாடிப்படியோரச் சுவர், நூற்றுப்பத்து சென்டிமீட்டர், முழுக்கச் செங்கல் என்று அதில் எழுதியிருந்தது. கூட்டத்தில் களப் பொறியாளர், அதிர்ந்து பேசாத மனிதர், நேரில் சரிபார்த்தீர்களா என்று கேட்டார். உங்கள் ஊரில் சுவருக்குள் என்ன, ஆறா ஓடுகிறது என்று நல்லசிவம் திருப்பிக் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்றைக்கு அறையைச் சுற்றி அளந்து பதியும் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பது வெறும் சடங்குக்கு.

வாசலில் ஒரு காபி வண்டி. வண்டிக்காரிக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். மெலிந்த கறுத்த உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி, உதட்டில் சிகரெட். அவன் போனில் சென்னைக்குப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, சிகரெட்டை எடுக்காமலே கேட்டாள்.

"தமிழாளா மிசியே?"

பெயர் மார்கரித். அப்பா அகுஸ்தேன் காரைக்கால், அம்மா இந்த ஊர். பெட்டியில் பூட்டி வைத்திருந்து எடுத்தது போன்ற தமிழ் பேசினாள், ஐயா என்பதற்கு மட்டும் பிரெஞ்சில் மிசியே. மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்தில், கிடங்குக்குக் காவல் என்ற பெயரில் இருபது வருடமாகப் படுத்துக்கொள்கிறாள். கம்பெனி அவளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது. அதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. அவள் கேட்டது வேறு.

அவன் கிடங்கு அறையில் ஸ்கேனரின் முக்காலியை விரித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்று சொன்னாள். அவளுடைய அண்ணன் கப்ரியேல் பழைய அரசின் பட்டாளத்தில் இருந்தவன். எழுபத்தைந்தில் ஊர் விழுந்ததும் அப்பாவும் அவனுமாக மாடிப்படியோரச் சுவருக்கு முன்னால் இன்னொரு மெல்லிய சுவரை எழுப்பினார்கள். நடுவில் ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு இடம். முழங்கால் உயரத்தில் ஒரு துளை. அண்ணன் உள்ளே போய்விட்டான். பதினாலு வயது மார்கரித் நாலு மாதம் அந்தத் துளை வழியாகச் சோற்றுத் தட்டை நீட்டினாள். ஒரு நாள் புது அரசின் ஆட்கள் சோதனைக்கு வந்தார்கள். அன்று மதியமே குடும்பத்தை லாரியில் ஏற்றிக் காட்டுப் பக்கம் குடியேற்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அங்கேயே போய்ச் சேர்ந்தார். பதினோரு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது வீடு கிடங்காகியிருந்தது. துளையைப் பூசிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சொன்னால் அவளையும் பிடித்துப் போடும் காலம். சொல்லத் தைரியம் வந்த காலத்தில் நம்புவதற்கு ஆளில்லை.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மிசியே. அந்த எடத்தைப் படத்துல காட்டுங்க, அது போதும். அவுங்களே தொறந்து பாத்துடுவாங்க. எடுத்துப் பொதைச்சிட்டு நான் போயிடுறன்."

"அம்மா, நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. எலி விட்டு வெச்சிருக்குமா?" என்றான் நல்லசிவம்.

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு வெளியே போய்விட்டாள். அந்தப் பார்வையில் இருந்த இளக்காரம் அவனுக்குப் புதிது. அதுவரை அது அவன் கைவசம் மட்டும் இருந்த சரக்கு.

கிடங்கு அறையில் ஜன்னல் இல்லை. பழைய அரிசி மூட்டை வாடை, அதற்கடியில் வேறொரு வாடை. அடிப்பிடித்த சோறு போல. ஸ்கேனர் முக்காலியின் மேல் மெதுவாகச் சுற்றியது. மாடிப்படியோரச் சுவருக்கு நேராக வந்ததும் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்த வழியே திரும்பிச் சுற்றியது. மெஷின் கோளாறு என்று அவன் அதற்கு ஒரு தட்டு தட்டினான்.

அந்தச் சுவரில், முழங்கால் உயரத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. வழக்கம் விடுமா? குனிந்து லேசரை விரிசலுக்குள் விட்டான்.

தொண்ணூறு சென்டிமீட்டர் என்று காட்டியது. முன்சுவர் இருபது, உள்ளே எழுபது வெறும் காற்று. கிழவி சொன்னது சரி. நல்லசிவத்துக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். அந்தப் பொறியாளர் முன்னால் மூக்கு உடைபடப் போகிறதே என்ற எரிச்சல். தவறாக அளந்திருப்போம் என்று இன்னொரு முறை அழுத்தினான்.

நாற்பத்தொன்று.

இரண்டு அளவுக்கும் நடுவில் அவன் கை அசையவில்லை. உள்ளே ஏதோ ஒன்று விரிசலை நோக்கி முன்னால் நகர்ந்திருந்தது.

எலி என்று சொல்லிக்கொண்டு முக்காலியை மடக்கினான். மடக்கும்போது சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டல்கள் கேட்டன. நிதானமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சம இடைவெளி விட்டு. எலி அப்படித் தட்டாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொள்ளும் சாதி இல்லை அவன்.

அலுவலகம் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடி. ஸ்கேன் செய்ததை மாடலுக்குள் கொண்டுவந்தவள் லான் என்ற பெண். உள்ளதை உள்ளபடி வரைகிற பைத்தியம் என்று நல்லசிவம் அவளைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தான். விரிசல் வழியாக ஸ்கேனர் பதிந்திருந்த எழுபது சென்டிமீட்டர் வெற்றிடத்தையும் அவள் ஒழுங்காக வரைந்து வைத்திருந்தாள். அதை நிரப்பி முழுச் சுவராக்கு என்றான். நிச்சயமாகவா என்று அவள் கேட்டாள். சம்பளம் கேள்வி கேட்பதற்குத் தருவதில்லை என்று பதில் வந்தது. அவள் நிரப்பினாள்.

இந்த மென்பொருளில் கட்டடம் ஒன்றுதான். அதைப் பார்க்கும் ஜன்னல்கள் பல. மேலிருந்து ஒரு வியூ, பக்கத்திலிருந்து ஒரு வியூ, நடுவில் வெட்டிப் பார்க்க ஒரு வியூ. கட்டடத்தில் ஒன்றைத் திருத்தினால் எல்லா ஜன்னலிலும் திருந்தும். திருத்தச் சோம்பலாக இருந்தால், அந்த ஒரு ஜன்னலில் மட்டும் அதை மறைத்துவிடலாம். பொருள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. படம் சுத்தமாக அச்சாகும். இந்தத் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான் பிழைக்கிறார்கள். நல்லசிவம் அதில் கைதேர்ந்தவன்.

மறுநாள் தளப்படத்தைத் திறந்தான். சுவர் முழுக்கக் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். நடுவே எழுபது சென்டிமீட்டர் வெள்ளையாகப் பிளந்திருந்தது. மாடலில் சுவர் திடமாகத்தான் இருந்தது, அதைச் சொடுக்கிப் பார்த்தான். படத்தில் மட்டும் பிளவு. வியூவின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான், எல்லாம் ஒழுங்கு. வெள்ளையின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு கறுப்புத் திட்டு.

காரணம் தேடுவானேன்? மறைத்தான். படம் சுத்தமானது.

அலுவலகத்தில் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்கு விளக்கணைப்பு. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, எல்லோரும் தங்கள் தங்கள் மேசைக்கடியில் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். ஒன்றரை வரை ஒரு ஈ காக்கை பேசாது. இந்த ஊர் முழுக்க அப்படித்தான். நல்லசிவத்துக்கு அது பொறுக்காது. பட்டப்பகலில் பிணவறை மாதிரி என்று வீட்டுக்கு எழுதியிருந்தான். தான் மட்டும் இருட்டில் திரை வெளிச்சத்தோடு விறைப்பாக உட்கார்ந்து வேலை பார்ப்பான்.

அன்றும் அப்படி உட்கார்ந்தான். முப்பது பேர் மூச்சு விடும் சத்தம். குளிர்சாதனப் பெட்டியின் முனகல். சுவரை நடுவில் வெட்டிக் காட்டும் வியூவைத் திறந்தான்.

சுவருக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அளவு காட்டுவதற்காகப் படங்களில் பொம்மை மனிதர்களை நிற்க வைப்பது உண்டு. காபிக் கோப்பையோடு நிற்பார்கள், கைப்பையோடு நடப்பார்கள். ஆனால் எந்தக் கம்பெனியும் முழங்காலை நெஞ்சோடு கட்டி, தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கும் பொம்மையைச் செய்து விற்பதில்லை. லானின் குறும்பு என்று நினைத்தான். நினைத்ததும் கோபம் வந்தது, கோபம் வந்ததால் தெம்பும் வந்தது. அதைச் சொடுக்கினான். அங்கே ஒன்றும் இல்லை என்றது மென்பொருள். சுவரையே மறைத்துப் பார்த்தான். சுவர் போய்விட்டது. உள்ளே இருந்த ஆள் மட்டும் வெற்று வெள்ளையில் உட்கார்ந்திருந்தான்.

வியூவை மூடிவிட்டு வேறொன்றைத் திறந்தான். கிழக்குப் பக்கத் தோற்றம், வெளிப்புறத்திலிருந்து பார்ப்பது. ஜன்னல்களுக்கு நடுவே, அதே ஆள். கழிவறைப் படத்தைத் திறந்தான். அதிலும் அவன். ஒரு ஜன்னலில் மறைத்தது இன்னொரு ஜன்னலில் தெரியும் என்பது அவன் தொழிலின் பாலபாடம். மறைத்தான், திறந்தான், மறைத்தான், திறந்தான்.

ஒவ்வொரு வியூவிலும் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. பயம் என்று இப்போது அவனே ஒப்புக்கொண்டிருப்பான், கேட்க யாராவது விழித்திருந்தால். கடைசியாக, ஒரு மனிதன் நின்று பார்ப்பது போலக் காட்டும் வியூ ஒன்றைப் புதிதாக உண்டாக்கினான். கிடங்கு அறையின் நடுவில் நின்று அந்தச் சுவரைப் பார்க்கும்படி குறித்தான்.

திரை இருண்டது.

மின்சாரம் போகவில்லை. இருட்டின் அடியில், முழங்கால் உயரத்தில், ஒரு வெளிச்சத் துளை இருந்தது. சுவரைப் பார்க்கும்படி அவன் குறித்த வியூ, சுவருக்குள்ளிருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

துளைக்கு அந்தப் பக்கம் பச்சைப் பூப்போட்ட தரை ஓடுகள் தெரிந்தன. கிடங்கில் அவன் காலடியில் உடைந்து கிடந்த அதே ஓடுகள், இங்கே புதுசாக மின்னின. ஒரு சிறுமியின் விரல்கள் ஒரு தட்டைத் துளைக்கு நேராகத் தள்ளின. பாதித் தூரத்தில் விரல்கள் நின்றன. சட்டென்று பின்வாங்கின. பிறகு கனமான ஏதோ ஒன்று, ஒரு அலமாரியின் விளிம்பு, பக்கவாட்டில் நகர்ந்து வந்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

முழு இருட்டு.

மேசைகளுக்கடியில் எங்கோ, லான் தூக்கத்தில் பேசினாள். தெளிவாக, ஒரு சின்னப் பெண்ணின் குரலில்.

"கொங் கோ ஐ."

யாரும் இல்லை. அந்த அளவுக்கு நல்லசிவத்துக்கு வியட்நாமியம் தெரியும். அவன் கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

ஒன்றரைக்கு விளக்கு போட்டதும் லானைப் பிடித்து உலுக்கினான். சுவருக்குள் பொம்மை வைத்தாயா என்றான். அவள் வைக்கவில்லை என்றாள். திரையைப் போட்டுக் காட்டினான், ஒன்றுமில்லை, படம் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் அவள் அந்தச் சுவரையே வெகுநேரம் பார்த்தாள். அந்த இடத்தைப் படத்தில் திறந்துவிடுங்கள், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்று அவளை அனுப்பிவிட்டான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கிடங்கு அறையில் சிமென்ட் பம்பு தயாராக நின்றது. சுவரில் துளை போட்டுக் குழாய்களைச் செருகியிருந்தார்கள். களப் பொறியாளர் வரைபடத்தை ஒரு பலகையில் வைத்துப் பேனாவோடு நீட்டினார். சுவருக்குள் வெற்றிடம் இல்லை என்பதற்கு நல்லசிவத்தின் கையெழுத்து வேண்டும்.

மார்கரித் மாடிப்படியருகே நின்றாள். அன்று வண்டியைத் திறக்கவில்லை, வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். கிட்டே வந்து, தமிழ் தெரியாத அத்தனை பேர் நடுவிலும் ரகசியம் போலப் பேசினாள்.

"உங்களுக்கு முழுசும் சொல்லல மிசியே. சோதனைக்கு வந்தப்ப அலமாரியைத் தள்ளி அடைச்சது நான். உள்ள ஆளிருக்கான்னு என்னைத்தான் கேட்டாங்க. கொங் கோ ஐன்னு சொன்னன். அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். அதுக்கப்புறம் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச எனக்கு வாய்க்கலை. தெனம் மூணு தட்டு தட்டுறன். சில நாள் பதிலுக்குத் தட்டுறான்."

லான் தூக்கத்தில் சொன்ன அதே மூன்று சொற்கள். நல்லசிவம் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள் மார்கரித். "மொகத்துலயே தெரியுது."

அந்த நொடியில் அவன் பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். நான் தப்பாக எழுதிவிட்டேன், திறந்து பாருங்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒரு நாள் தாமதம், கொஞ்சம் தலைகுனிவு, அவ்வளவுதான் விலை. ஆனால் எதிரே அந்தப் பொறியாளர் நின்றார். அவர் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. அல்லது சிரிப்பு போல நல்லசிவத்துக்குத் தோன்றியது, இரண்டும் ஒன்றுதான். இந்த அம்மாள் உள்ளே ஒரு ஆள் இருப்பதாகச் சொல்கிறாளாமே, உண்மையா என்று அவர் கேட்டார்.

"கொங் கோ ஐ" என்றான் நல்லசிவம். சொல்லிவிட்டுக் கையெழுத்தையும் போட்டான். அவனுடைய கையெழுத்து நீளமானது, கீழே இரண்டு கோடு இழுப்பான். அன்று ஒரு கோடுதான் இழுக்க முடிந்தது.

பம்பு உறுமியது. அரை நிமிடத்தில் அழுத்தமுள் உச்சிக்கு ஏறியது. சிமென்ட் பால் போன வழியே திரும்பிப் பீறிட்டுத் தரையில் கொட்டியது. வேறு துளையில் வைத்துப் பார்த்தார்கள், அங்கும் அப்படியே. சுவர் ஒரு வாளி சிமென்டுகூடக் குடிக்கவில்லை. முழுக்கச் செங்கல். பொறியாளர் கைகுலுக்கி மன்னிப்புக் கேட்டார்.

நல்லசிவத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் அது முதலில் செய்தது சிரிப்பதுதான். "பாத்தீங்களாம்மா? எல்லாம் உங்க பிரமை" என்றான்.

மார்கரித் அவனைக் கண்டுகொள்ளவில்லை. ஈரச் சிமென்டில் முழங்காலிட்டு, விரிசலருகே காதை வைத்து மூன்று முறை தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். எழுந்து திரும்பியபோது அவள் முகம் காலியாக இருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"போயிட்டான்" என்றாள். "நாப்பத்தெட்டு வருஷம் நான் காத்துக்கெடந்தன். நீங்க ஒரு வார்த்தையில கூட்டிக்கிட்டுப் போறீங்க."

வாசல்வரை போனவள் நின்று, வேலைக்காரனிடம் சொல்வது போல ஒன்று சொன்னாள்.

"மிளகா போடாதீங்க. சாப்பிட மாட்டான்."

அன்று மாலை ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, நல்லசிவம் தன் அடுக்குமாடி வீட்டைத் திறந்தான். பதினாலாவது மாடி. கட்டி நாலு வருடம்கூட ஆகாத கான்கிரீட். கதவைத் திறந்ததும் அடிப்பிடித்த சோற்று வாடை. கீழ்வீட்டில் எவளோ சமைக்கத் தெரியாதவள் என்று சொல்லிக்கொண்டு படுக்கையறைக்குப் போனான். கட்டிலின் காலில் இடித்துக்கொண்டான். எட்டு மாதமாக இடிக்காத கட்டில்.

லேசரை எடுத்தான். சிவப்புப் புள்ளி எதிர்ச் சுவரில் விழுந்தது.

இரண்டு மீட்டர் தொண்ணூறு.

பேட்டரியை மாற்றினான். நாடாவை எடுத்துத் தரையில் மண்டியிட்டு அளந்தான். இரண்டு தொண்ணூறு. மூன்று அறுபதுக்கு இப்போது எழுபது குறைவு. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், முழங்கால் உயரத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது.

உள்ளிருந்து மூன்று தட்டல்கள்.

அன்றிலிருந்து ஹாலில் சோபாவில் படுத்தான். வீட்டுக்காரருக்கு நாலாவது கடிதம் எழுத உட்கார்ந்தான், என்ன எழுதுவதென்று தெரியவில்லை. தட்டல் நிற்கவில்லை. அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். பசித்தவன் தட்டுவது போல இருந்தது. மூன்றாம் நாள் சந்துக்குப் போனான். காபி வண்டி இருந்த இடத்தில் வண்டி இல்லை. அவள் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரையெல்லாம் முட்டாள் என்று சொல்லித் திரிந்த நல்லசிவம், கீழ்க் கடையில் கொம் தாம் என்னும் குருணைச் சோறு வாங்கினான். மிளகாய் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னான். தட்டில் போட்டு விரிசலுக்கு நேராகத் தரையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். அரை மணி கழித்துப் பார்த்தபோது தட்டு கழுவியது போலக் காலியாக இருந்தது. தட்டல் நின்றிருந்தது. ஒரு சோறுதானே, வைத்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது. மூன்று நாளில் முதல் தடவையாகக் கட்டிலில் சாய்ந்தான்.

அப்போது வேதநாயகி வீடியோவில் அழைத்தாள். பிள்ளையின் பள்ளிக்கூடம், மாமாவின் முழங்கால் வலி என்று பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஏங்க, உங்க பின்னாடி யாரு அது, கால மடக்கிட்டு உக்காந்திருக்கறது?"

அவன் திரும்பவில்லை. கழுத்து மறுத்தது. அவளுடைய எலுமிச்சம்பழமும், அதைக் குப்பையில் போட்டு அனுப்பிய படமும் நினைவுக்கு வந்தன. உண்மையைச் சொன்னால் அவள் என்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். வாய் பழகிய பதில் தானாக வந்தது.

"இங்க யாரும் இல்ல."

அடுத்த விநாடியே சொன்னதை உணர்ந்தான். போன் கையிலிருந்து நழுவிப் போர்வையில் விழுந்தது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் தலையணைக்கடியில் துழாவி லேசரை எடுத்து, தலைமாட்டுச் சுவரோடு ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து அழுத்தினான். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்தான்.

இரண்டு மீட்டர் இருபது.

கட்டிலின் நீளம் இரண்டு மீட்டர்.